முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை தேடினேன்

தைப்பூசத்தன்று எங்கள் கோயிலுக்குப் போனால் காடி நிறுத்த இடம் கிடைக்காது. எவர் வீட்டு வாசலிலோ நிறுத்திவிட்டு, அவர் முறைப்பதையும் வாங்கிக்கொண்டு அரை மைல் நடக்க வேண்டும். அன்னதான வரிசையில் முன்னால் நூறு பேர், பின்னால் நூறு பேர், எல்லாரும் நம்மவர்கள், எல்லார் இடுப்பிலும் ஒரு பிள்ளை. அதே வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டுக்கு எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டால், ஒருத்தி. அந்த ஒருத்தி என் மகள்.

பள்ளி தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டம் என்று வாய் சொல்கிறதே தவிர, ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, செம்பனையிலும் பாதியை வெட்டி வீடுகள் கட்டிவிட்டார்கள். தொழிலாளர் லயத்தில் இருந்த குடும்பங்கள் சிரம்பானைச் சுற்றியுள்ள தாமான் என்கிற குடியிருப்புகளில் வீடு வாங்கிச் சிதறிவிட்டன. ஒரு தாமானில் நம்மவர் வீடு மூன்று, அடுத்ததில் ஐந்து. நடுவில் மலாய்க்காரர்கள், சீனர்கள், வாடகைக்கு இருக்கும் நேப்பாளிகள், வங்காளதேசிகள். பள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. லாரிகள் பேர்த்துப் போட்ட சாலையில் கால் மணி நேரம் குலுங்கினால்தான் அதன் கேட் கண்ணில் படும். மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள். என் மகளுக்கு முந்தைய ஆண்டு முதலாம் ஆண்டில் ஒருவரும் சேரவில்லை.

நான் அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்துக்கு வராதவர்களில் ஒருவர் தலைவர் ஆகிறார், வந்து உட்கார்ந்தவர்களில் பேனா வைத்திருந்தவர் செயலாளர் ஆகிறார். என்னிடம் பேனா இருந்தது. மூத்தவன் அப்போது அங்கே ஆறாம் ஆண்டு. அவன் வகுப்பில் எட்டுப் பேர். எட்டு போதும், ஓடிப் பிடித்து விளையாடலாம், சண்டை போடலாம், ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் இன்னொருவனோடு சேரலாம். அவன் ஆண்டு முடிவில் வெளியே போகிறான், சின்னவள் உள்ளே வருகிறாள். நான் யோசிக்கவே இல்லை. பதிவு தொடங்கிய முதல் நாளே அவள் பெயரைப் போட்டேன், ஊருக்கெல்லாம் சொன்னேன், அந்தத் தாளைப் படமெடுத்துப் பத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். பதிவு முடிந்து தலைமையாசிரியை பட்டியலைக் காட்டியபோதுதான் அதில் ஒரே ஒரு பெயர் இருப்பதைப் பார்த்தேன்.

என் கணவர் தினமும் ரயில் பிடித்துக் கோலாலம்பூர் போய் வேலை பார்ப்பவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். அன்று பேசினார்.

"இந்தா பாரு, ஸ்கூலு, தமிழு எல்லாம் சரி. இன்னும் ஒரு புள்ளையாச்சும் வரணும். இல்லன்னா மாத்திருவோம். எம்பொண்ணு தனியா ஒக்காந்து படிக்க என்னா குத்தம் செஞ்சா?"

"வருவாங்க லா. நான் கொண்டாறேன்," என்றேன்.

எனக்கு வேண்டியது ஒரு பிள்ளை. இத்தனை பெரிய ஊரில் ஒரே ஒரு பிள்ளை.

பிள்ளை இருக்கும் வீடுகளின் விவரம் எந்த அலுவலகத்திலும் தர மாட்டார்கள். ஆகவே சனி ஞாயிறுகளில் மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, பள்ளியின் படம் போட்ட தாள்களோடு நானே தாமான் தாமானாகக் கிளம்பினேன். நம்மவர் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? நிலைப்படியில் மாவிலைத் தோரணம் இருக்கிறதா என்று பார்ப்பேன். அது காய்ந்து சருகாகியிருந்தாலும் பரவாயில்லை, கேட்டைத் தட்டுவேன்.

ஒரு வீட்டில் தோரணம் இருந்தது, வாசலில் இருபது ஜோடிச் செருப்பும் இருந்தது. பெரிய குடும்பம் என்று நெஞ்சு குளிர்ந்து கூப்பிட்டேன். தொழிற்சாலையில் வேலை செய்யும் வங்காளதேசிகள் வரிசையாக வெளியே வந்து, "யெஸ், காக்கா?" என்றார்கள். மலாயில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் எப்போதோ வாடகைக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார், தோரணத்தை அவிழ்க்கவில்லை. இன்னொரு வீட்டுக் கேட்டின் மேலே பிள்ளையார், அதற்குக் கீழே எரிந்து முடிந்த ஊதுவத்திகள். உள்ளேயிருந்து பனியன் போட்ட சீனர் ஒருவர் வந்தார். எங்கள் தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்தவராம், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசினார். தாளை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, "எம்மவனுக்கு நாப்பது வயசாச்சு தங்கச்சி, சேத்துக்குவீங்களா?" என்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அவர் கொடுத்த பப்பாளிப் பழத்தோடு அடுத்த தெருவுக்குப் போனேன்.

தமிழர் வீடாகவே இருந்தாலும் பிள்ளைக்கு மூன்று வயது இருக்கும், அல்லது பதின்மூன்று. அடுத்த ஆண்டு ஏழு வயதாகி முதலாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளை ஒன்றை வைத்துக்கொள்ள ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தெமியாங் பகுதியில் ஓய்வுபெற்ற ஒருவர், யாழ்ப்பாண வழிக் குடும்பம், என்னை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, தாய்மொழிக் கல்வியின் அவசியத்தை ஒரு மணி நேரம் விளக்கினார். பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டேன். மெல்பர்ன் என்றார்.

நான்கு மாதம் அலைந்து ஐந்து குடும்பங்களைப் பிடித்தேன். ஐந்திலும் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு போக வேண்டிய பிள்ளை இருந்தது. ஐந்தும் வெவ்வேறு தாமான். ஒருவரை ஒருவர் தெரியாது. பெரிய மருத்துவமனையில் தாதியாக இருந்த ஒரு பெண்தான் அவர்களில் தெளிவாகப் பேசுபவள்.

"டவுன் ஸ்கூல்ல பதிஞ்சு வச்சிருக்கேன்க்கா, சும்மா ஒரு சேஃப்டிக்கு. ஆனா எனக்கு ஷிஃப்ட் வேல. வேன்காரங்க இந்தப் பக்கம் வர மாட்டேங்கறாங்க. அஞ்சு புள்ளைங்க இருந்தாத்தான் உள்ள வருவாங்களாம். ஒரு புள்ளைக்கு எவன் லா வருவான்?"

இதைக் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! எங்கள் பள்ளிக்கு ஒரு பழைய வேன் இருக்கிறது. சங்கம் ஏற்பாடு செய்தது. ஒரு பிள்ளைக்கும் வீட்டு வாசல்வரை வரும். அதைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"அப்போ நம்ம ஸ்கூலே ஓகே தான்க்கா. வேற யாரெல்லாம் சேர்றாங்க?"

"நெறைய பேரு வராங்க," என்றேன்.

பொய்தான். வேறு என்ன சொல்வது? மற்ற நான்கு வீடுகளிலும் இதே பேச்சு நடந்தது. லாரி ஓட்டுகிறவர் வீட்டில், பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அப்பம் சுடுகிற தம்பதி வீட்டில், கணவன் மனைவி இரண்டு பேருமே கணக்காய்வாளர்களாக இருந்த பெரிய வீட்டில், அடுக்குமாடியில் தனியாகப் பிள்ளையை வளர்க்கும் ஒரு பெண்ணிடம். எல்லாருக்கும் வேன் பிரச்சினை. எல்லாருக்கும் அரை மனம். எல்லாரும் கடைசியில் கேட்டது ஒன்றே: "வேற யாரு சேர்றா?" மற்றவன் முதலில் போகட்டும், நான் பின்னால் வருகிறேன் என்று ஐந்து பேரும் நின்றுகொண்டிருந்தால் எவன்தான் போவது? எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கல்யாணத்துக்கு அழைத்தால் "கண்டிப்பா வரோம்" என்று சொல்வார்களே, அந்தக் "கண்டிப்பா"வை ஐந்து வீட்டிலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சரி, ஒருவரை ஒருவர் பார்த்தால்தானே நம்பிக்கை வரும் என்று எனக்கு ஒரு யோசனை பிறந்தது. அந்த யோசனையை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆண்டு இறுதி விடுமுறையில் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. ஐந்து குடும்பங்களையும் வீட்டுக்கு அழைத்தேன். பிள்ளையின் பிறந்தநாள் என்றால் மறுக்க மாட்டார்கள் என்ற கணக்கு. பிரியாணி, மீ கோரேங், இரண்டு அடுக்கு கேக். ஆச்சரியம், ஐந்து குடும்பமும் வந்துவிட்டன. அதுவும் நேரத்துக்கு. பிள்ளைகள் ஆறு பேரும் பத்து நிமிடத்தில் ஒட்டிக்கொண்டார்கள். சோபாவைக் கப்பலாக்கி, என் புதுத் துப்பட்டாவைக் கொடியாக்கி, வீட்டைத் தலைகீழாக்கினார்கள். என் மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, தண்ணீர் குடிக்க ஓடி வந்தவள், "இவங்கள்லாம் என் கிளாஸாம்மா?" என்று கேட்டாள். "ஆமா," என்றேன்.

கேக் வெட்டிய பிறகு பெரியவர்களை உட்கார வைத்துப் பேசினேன். கைப்பேசியில் படங்களைக் காட்டினேன்: கணினி அறை, காய்கறித் தோட்டம், பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள். ஒரு வகுப்பில் ஆறு பேர் என்றால் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் எப்படிக் கவனிப்பார் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கணக்காய்வாளர் அம்மா, "இங்கிலீஷ் எப்படி?" என்று மட்டும் கேட்டார். லாரிக்காரர் பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நானும் தோட்டத்து ஸ்கூல்லதான் படிச்சேன் சிஸ்டர். ஒண்ணும் கொறையில்ல. ஆனா செகண்டரி போனப்போ மூணு வருஷம் வாயத் தெறக்கல. மலாய் வரல. எம்புள்ளயாச்சும் தெறக்கட்டும்னு பாக்கறேன்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இப்போது மலாய் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள், காலம் மாறிவிட்டது என்று அடுக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நான் பாத்திரம் எடுக்க அடுப்படிக்குப் போனபோது, வரவேற்பறையில் தாதிப் பெண்ணின் குரல் கேட்டது. "ஓ, நீங்களும் அந்த ஸ்கூல்லதான் பதிஞ்சிருக்கீங்களா?" அடுத்து இன்னொரு குரல், "நாங்களும் அங்கதான்." எங்கள் பக்கத்திலிருந்து நகரத்துக்குப் போகும் வழியில் முதலில் வருவது, தாதிப் பெண் 'டவுன் ஸ்கூல்' என்று சொன்ன அந்த மலாய்வழித் தேசியப் பள்ளிதான். ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமலே அதில் பதிந்திருந்தார்கள். எல்லாரும் நன்றாகப் பழகுகிறார்களே என்று பூரித்துப்போய் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

விடைபெறும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம் கேக் கொடுத்தேன். கைப்பேசி எண்களை வாங்கி நானே ஒரு வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினேன். அதற்கு 'முதலாம் ஆண்டு' என்று பெயரும் வைத்தேன்.

இரண்டு நாள் வணக்கப் படங்களும் பூங்கொத்துகளும் வந்தன. மூன்றாம் நாள் தாதிப் பெண்ணின் குரல் பதிவு வந்தது. வேலை முடிந்து காடியில் ஏறி உட்கார்ந்து கேட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். வேன் ஓட்டற மலாய்க்காரம்மா, அந்த மக்சிக்கிட்ட பேசிட்டேன். நம்ம அஞ்சு புள்ளைங்க இருக்கறதுனால ஓகேன்னுட்டாங்க. அஞ்சு தாமானுக்கும் வருவாங்களாம். தேங்க்ஸ் டு அக்கா லா, அக்கா இல்லன்னா நமக்கு ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சேயிருக்காது. அக்கா, வேன்ல இன்னும் ஒரு எடம் இருக்கு. உங்க பொண்ணையும் அனுப்பறீங்களா?"

அதற்குக் கீழே நான்கு கட்டைவிரல்கள். ஒருவர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்.

நான் அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். தனித்தனியாக இருந்திருந்தால் அவர்களுக்கு வேன் வந்திருக்காது. வேன் இல்லாததால் அவர்களில் இரண்டு பேராவது எங்கள் பள்ளிக்கு வந்திருப்பார்கள். ஐந்து பேரைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரே அறையில் உட்கார வைத்து, சோறு போட்டு, எண்களை வாங்கி, குழுவும் அமைத்துக் கொடுத்தது நான். அவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. குழுவைவிட்டு வெளியேறலாம் என்று பார்த்தால் நான்தான் அதன் நிர்வாகி. ஏமாற்றிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியவில்லை, நன்றி சொல்லியிருக்கிறார்களே!

கணவர் அன்றிரவு சாப்பிட்டு முடித்துவிட்டு, "அந்த எடத்தச் சொல்லி வச்சிரு," என்றார்.

"முடியாது."

"அப்போ புள்ள தனியாவா?"

"டீச்சரு இருக்காங்க. இடையில யாராச்சும் வருவாங்க."

தமிழ் வாழ வேண்டும் என்பதற்காக அப்படிச் சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. நூறு வீட்டுக் கேட்டைத் தட்டி, "உங்க புள்ளைய அனுப்புங்க" என்று தொண்டை வற்றக் கத்தியவள், தன் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? தலைமையாசிரியை முகத்தில் எப்படி விழிப்பது? இதுதான் என் மனதில் இருந்தது. கணவர் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். "ஒரு மாசம்," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

பள்ளி திறந்தது. முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் பலூன்கள். இரண்டாம் ஆண்டில் ஆளே இல்லை; மூன்றாம் ஆண்டோடு சேர்த்து உட்கார வைக்கலாம் என்றால் பாடம் வேறு. ஆசிரியர் பற்றாக்குறையால் தலைமையாசிரியையே அவளுக்குப் பாதிப் பாடங்களை எடுத்தார். மகள் முதல் வாரம் உற்சாகமாகத்தான் இருந்தாள். புதுப் பை, புதுக் காலணி. இரண்டாம் வாரம் காலையில் எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போனது. மூன்றாம் வாரம் ஒரு நாள் வயிற்று வலி, ஒரு நாள் தலைவலி. ஒரு வெள்ளிக்கிழமை நானே போய் அழைத்து வரும்போது காடியில் சொன்னாள்:

"எல்லாக் கேள்வியும் என்னையே கேக்கறாங்கம்மா. டயர்டா இருக்கு."

"நல்லதுதானே. நீ கெட்டிக்காரி ஆயிருவ."

"தெரியலன்னு சொன்னா, வேற யாரையும் கேக்க முடியலல்ல. மறுபடியும் என்னையேதான் கேக்கணும்." காலணியைக் கழற்றிக் காலடியில் போட்டாள். பிறகு, "அன்னிக்கு நம்ம வீட்டுக்கு வந்தாங்களே, அவங்க எப்ப வருவாங்க?" என்றாள்.

அதுவரை அவள் அவர்களுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என் வாயால் நான்தான் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். சாலை ஓரத்தில் காடியை நிறுத்தினேன். குழந்தை முன்னால் அழக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தனை மாதம் ஊர்க்காரர்கள் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் என் மேலேயே திரும்பி, என்னை எனக்கே பிடிக்காமல் போனது. அங்கேயே குழுவைத் திறந்து, "அந்த எடம் இன்னும் இருக்கா?" என்று எழுதினேன்.

அரை நிமிடத்தில் தாதிப் பெண் பதில் போட்டாள். "இருக்குக்கா. மக்சிக்கிட்ட யாருக்கும் குடுக்க வேணாம்னு சொல்லி வச்சிருக்கோம்."

திங்கட்கிழமை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு பள்ளிக்குப் போனேன். அவள் வகுப்புக்கு ஓடிய பிறகு தலைமையாசிரியை அறைக்குப் போய், பள்ளி மாற்றுவதற்கான பாரத்தைக் கேட்டேன். முப்பது ஆண்டு ஆசிரியர் தொழில் பார்த்தவர். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பாரத்தை எடுத்தார். என் மகளின் பெயர், பிறப்புப் பத்திர எண் எல்லாம் ஏற்கனவே எழுதி, கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

"மொத வாரமே எழுதி வச்சுட்டேன்மா," என்றார். "நீங்களா வந்து கேக்கட்டும்னு இருந்தேன்."

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"எதுக்கு மன்னிப்பு? புள்ளைக்குத் தொணை வேணும்ல." கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பிறகு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும். வெள்ளிக்கிழம ஒரு பாட்டு ஆரம்பிச்சேன், பாதியில நிக்குது. முடிச்சுக் குடுத்துடறேன்."

நான் நடைபாதையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்து வகுப்பில் யாரோ வாய்ப்பாடு சொன்னார்கள். முதலாம் ஆண்டு வகுப்பின் கதவு திறந்தே இருந்தது. தலைமையாசிரியை உள்ளே போனதும் என் மகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். அவர் பாட்டின் முதல் வரியைக் கரும்பலகையில் எழுதி, ஒரு முறை பாடிக் காட்டினார். கடைசி வரிசைவரை கேட்கும்படி, முப்பது பிள்ளைகளுக்குப் பாடுகிற குரலில் பாடினார். பாடிவிட்டுக் கைகளை உயர்த்தி, "எங்க, எல்லாரும் சேர்ந்து பாடுங்க பாக்கலாம்," என்றார்.

என் மகள் பாடினாள்.